வேலை முடிந்து வருபவர்களை வைத்து நாடகம் போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லோரும் பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள். பாதிப் பேர் மேடை ஏறியதே இல்லை. ஒன்றரை மணி நேர நாடகம். பத்து வாரம் கையில் இருக்கிறது. நான் இயக்குவது இதுதான் முதல் முறை. யாருக்கு எந்த வேடம் தருவது, ஒத்திகையை எப்படிப் பிரிப்பது, நண்பர்களாகவே இருக்கும் நடிகர்களை மனம் நோகாமல் எப்படித் திருத்துவது?

பதில்: கணக்கிலிருந்து தொடங்குவோம். வாரத்துக்கு மூன்று மாலை, மாலைக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் பத்து வாரத்தில் 75 மணி நேரம் கிடைக்கும். புதியவர்கள் அதிகம் உள்ள குழுவுக்கு, மேடையில் ஓடும் ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேர ஒத்திகை என்பது பலரும் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 90 மணி நேரம் வேண்டும், 15 குறைகிறது. கடைசி வாரத்தை விளக்கும் ஒலியும் உடையும் தின்றுவிடும். யாரோ ஒருவர் வராமல் காட்சி முடங்கும் மாலைகளையும் கழித்துவிட்டால், நடிப்புக்கென்று மிஞ்சுவது 50 மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட ஒரு வழிதான் உண்டு: நாடகத்தை ஆள்வாரியாகத் துண்டு போட்டு, வந்தவர்களை வைத்து அன்றைக்கு எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்வது. அமெச்சூர் நாடகங்கள் திறமை போதாமல் கெடுவதைவிட, இந்த வேலையைச் செய்யாமல் கெடுவதே அதிகம்.

ஆகவே வேடம் கொடுக்கும் முன் பிரதியை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் போட்டிருக்கும் காட்சிப் பிரிவு இதற்குப் போதாது. மேடைக்கு ஒருவர் வந்தால் ஒரு கோடு, ஒருவர் போனால் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு துண்டு. ஒன்றரை மணி நேர நாடகம் பெரும்பாலும் 25 முதல் 40 துண்டுகளாகும். ஒரு பெரிய தாளில் துண்டுகளை மேலிருந்து கீழாகவும், பாத்திரங்களை இடமிருந்து வலமாகவும் எழுதி, யார் எதில் இருக்கிறார் என்று புள்ளி வையுங்கள். வசனமே இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் புள்ளி உண்டு. அவரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பிறகு மேடையில் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்.

இந்த ஒரு தாள் நிறைய சொல்லும். மூன்று பேர் மட்டும் இருக்கும் துண்டுகளை வார நாட்களில் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் இருக்கும் துண்டுகளை விடுமுறை நாளுக்கு ஒதுக்கலாம். ஒருவரே இரண்டு வேடம் போட முடியுமா என்பதும் இதிலேயே தெரியும். தட்டச்சுப் பக்கம் ஒன்று மேடையில் ஒன்றேகால், ஒன்றரை நிமிடம் ஓடும். உடை, தலை, செருப்பு எல்லாம் மாற்ற வேண்டுமென்றால் நடுவில் இரண்டு பக்கமாவது இருக்க வேண்டும். மேல்துண்டு, மூக்குக் கண்ணாடி அளவிலான மாற்றத்துக்கு அரைப் பக்கம் போதும்.

அனுமதி விஷயத்தை இப்போதே முடித்துவிடுங்கள். நாடகத்துக்கு இன்னும் பதிப்புரிமை இருந்தால் ஆசிரியரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்தில் வாங்க வேண்டும். வசனத்தை வெட்டுவதையும் ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்குவதையும் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத நாடகத்துக்கு அனுமதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், விசாரிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது நடிகர் தேர்வு. எல்லோரும் தெரிந்தவர்கள்தானே என்று இதைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. தவிர்க்காதீர்கள். தேர்வு என்று ஒன்று நடந்தால்தான் வேடம் கிடைத்ததற்கும் கிடைக்காததற்கும் நட்பு காரணமல்ல என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். முதலில் ஒரு படிவம் கொடுங்கள். அதில் இரண்டு கேள்விகள் முக்கியம். பத்து வாரத்தில் எந்தெந்தத் தேதிகளில் வர இயலாது? நீங்கள் கேட்ட வேடம் இல்லாமல் வேறு வேடம் தந்தால் ஏற்பீர்களா? முதல் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் எல்லோரும் "வந்துடுவேன்" என்றுதான் சொல்வார்கள். பத்து மாலைக்கு மேல் வர முடியாதவருக்கு, அவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும், நான்கைந்து துண்டுகளுக்கு மேல் உள்ள வேடம் கொடுக்கக் கூடாது. முதல் தடவை இயக்குபவர்கள் மீறிவிட்டு வருந்துவது இந்த விதியைத்தான்.

படிக்கக் கொடுப்பது ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. ஒரு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். தேர்வில் பார்க்க வேண்டியது வாசிக்கும் திறமையை அல்லவே. இருவர் இருவராக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை வாசித்து முடித்ததும் ஒரே ஒரு மாற்றம் சொல்லி மறுபடி வாசிக்க விடுங்கள்: "பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, அது எழுந்துவிடக் கூடாது." முதல் தடவை கம்பீரமாக வாசித்தவர் இரண்டாவது தடவையும் அதே கம்பீரத்தோடு வாசித்தால், அடுத்த பத்து வாரமும் அப்படியேதான் வாசிப்பார். முதல் தடவை தடுமாறி, இரண்டாவதில் குரலும் உடம்பும் வேறாக மாறியவரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் வளரப்போகிறவர் அவர்தான். வசனம் பேசாமல் நிற்பவரையும் கவனியுங்கள்: எதிராளி பேசுவதைக் கேட்கிறாரா, தாளில் தன்னுடைய அடுத்த வரியைத் தேடுகிறாரா? பிறகு நீங்கள் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். ஒருவருக்கு ஆறேழு நிமிடம் போதும்.

முடிவை அறிவிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முக்கிய வேடத்தை எதிர்பார்த்துக் கிடைக்காதவரிடம் முதலில் தனியாகப் பேசிவிட்டு, அதன்பின் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பட்டியலை அனுப்புங்கள். ஏன் கிடைக்கவில்லை என்று நீட்டி விளக்க வேண்டாம். "இந்த வேடத்துக்கு இவர், அந்த வேடத்துக்கு நீங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். விளக்கம் வாதத்துக்கு வழி திறக்கும்.

நடிப்பு வராது, ஆனால் பொறுப்பானவர், எதையும் மறக்காதவர் என்று ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை மேடை நிர்வாகி ஆக்குங்கள். சின்ன வேடம் கொடுத்து வீணாக்க வேண்டாம். நீங்களும் நடிக்க நினைத்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மேடையில் நிற்பவரால் மேடையைப் பார்க்க முடியாது. உங்கள் காட்சிகளை யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

முதல் வாரம் உட்கார்ந்து படிப்பது. முதல் வாசிப்பில் யாரையும் நடிக்கச் சொல்லாதீர்கள், மேடை நிர்வாகி நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். உட்கார்ந்து படிக்க 90 நிமிடம் பிடித்தால், எழுந்து நடமாடி, கதவைத் திறந்து மூடி நடிக்கும்போது 100-ஐத் தாண்டும். வெட்ட வேண்டியிருந்தால் இப்போதே வெட்டுங்கள். மனப்பாடம் ஆன பிறகு வெட்டிய வரி, மேடையில் பதற்றம் வரும்போது தானாகவே வாயில் வந்துவிடும். இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே கேள்வி: இங்கே யாருக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும்? பதிலைப் பென்சிலில் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பாத்திரத்தின் சிறுவயது, பிடித்த நிறம் என்று போகும் ஆராய்ச்சிகளுக்கு 50 மணி நேரத்தில் இடமில்லை.

இரண்டாவது, மூன்றாவது வாரங்கள் நடமாட்டத்தை, அதாவது யார் எப்போது எங்கே நிற்பது, எங்கே நகர்வது என்பதை, வகுப்பதற்கு. அதற்கு முன் உண்மையான மேடைக்குப் போய் அகலம், ஆழம், பக்கவாட்டில் இருக்கும் மறைவிடம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை டேப் வைத்து அளந்து வாருங்கள். ஒத்திகை அறையின் தரையில் அதே அளவில் ஒட்டுநாடாவால் கோடு போடுங்கள். அறை சிறியது என்று மேடையைச் சுருக்கிக் கோடு போட்டால், நடிகர்களின் காலடி எண்ணிக்கை சுருங்கிய மேடைக்குப் பழகிவிடும். உண்மையான மேடையில் வாசலை அடைவதற்குள் வசனம் தீர்ந்துவிடும். அறை போதவில்லை என்றால் மேடையின் பாதியை மட்டும் சரியான அளவில் வரைந்து, அந்தப் பாதியில் நடக்கும் துண்டுகளை அன்று எடுங்கள்.

வலது, இடது என்பது எப்போதும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது. முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். மேடையின் பின்பகுதியை "மேல்" என்றும் முன்பகுதியை "கீழ்" என்றும் சிலர் சொல்வார்கள். பழைய ஐரோப்பிய மேடைகள் பார்வையாளர் பக்கமாகச் சரிந்திருந்ததால் வந்த வழக்கு அது. முன், பின் என்றே சொல்லலாம், குழப்பம் இருக்காது.

நடமாட்டம் வகுக்கும்போது புதியவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: அரை வட்டமாக நின்றுகொள்வார்கள். புகைப்படத்துக்கு நிற்பது போல் இருக்கும், எல்லோரும் எல்லோரிடமிருந்தும் ஒரே தூரத்தில் இருப்பார்கள். இதை உடைக்கச் சுலபமான வழி, ஒவ்வொருவருக்கும் அறையில் ஒரு வேலை கொடுப்பது. ஒருவர் மேசையில் கணக்குப் பார்க்கட்டும், ஒருவர் துணி மடிக்கட்டும், ஒருவர் போக அவசரப்பட்டு வாசலருகே நிற்கட்டும். பாரிஸில் எரிவாயு நிறுவனத்தில் எழுத்தராக இருந்துகொண்டே 1887-இல் தியேத்ர் லீப்ர் என்ற அமெச்சூர் குழுவைத் தொடங்கிய ஆந்த்ரே அந்த்வான், அறையை நான்கு சுவரோடும் அமைத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் எந்தச் சுவரை எடுப்பது என்று தீர்மானிப்பதை முறையாக வைத்திருந்தார். இன்றைக்கும் இது நல்ல பயிற்சி. முதலில் பார்வையாளரை மறந்துவிட்டு அறையில் புழங்க விடுங்கள். பிறகு நான்கு பக்கமும் நடந்து பார்த்து, எங்கிருந்து பார்த்தால் காட்சி தெளிவாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். அதன்பின் வரிசையின் இரண்டு ஓரத்து இருக்கைகள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, யார் யாரை மறைக்கிறார்கள் என்று பார்த்து அரையடி, ஓரடி நகர்த்தினால் போதும்.

கூட்டக் காட்சி இருந்தால், ஜெர்மனியின் மைனிங்கன் நாடகக் குழு 19-ஆம் நூற்றாண்டில் கடைப்பிடித்த முறையைப் பின்பற்றுங்கள். கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள நடிகர் ஒருவரைத் தலைமை தாங்க வைப்பார்கள். கூட்டத்துக்கு எட்டுப் பேர் இருந்தால் அவர்களை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு நிலைப்பாடு கொடுத்தால் எட்டுப் பேர் முப்பது பேராகத் தெரிவார்கள். "எல்லோரும் சத்தம் போடுங்கள்" என்றால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்தி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

ஒரு மாலையில் பத்து, பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் நடமாட்டம் வகுக்க முடியாது. அடுத்த முறை அதே பக்கங்களை நிறுத்தாமல் ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் வகுத்தது எல்லாம் காற்றோடு போகும். பென்சிலும் அழிப்பானும் இல்லாமல் யாரும் ஒத்திகைக்கு வரக் கூடாது.

மனப்பாடம்தான் எல்லா அமெச்சூர் குழுவையும் படுத்துகிற விஷயம். தேதி வையுங்கள்: நாடகத்தின் முதல் பாதி நான்காவது வாரக் கடைசியில், மீதி ஆறாவது வாரக் கடைசியில். அந்தத் தேதிக்குப் பிறகு மேடைக்கோட்டுக்குள் பிரதியோடு யாரும் வரக் கூடாது. கையில் பிரதி இருக்கும்வரை கண் எதிராளியைப் பார்க்காது, கைப்பொருளை எடுக்கவும் கை இருக்காது. தேதிக்கு அடுத்த ஒத்திகை கண்றாவியாக இருக்கும், முந்தைய வாரத்தைவிட மோசமாக இருக்கும். அது இயல்புதான். மூன்று ஒத்திகையில் சரியாகும். பயந்துபோய்ப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

எப்படி மனப்பாடம் செய்வது என்று சொல்லிக் கொடுங்கள், பலருக்குத் தெரியாது. தன் வரிகளை மட்டும் மஞ்சள் பூசி உருப்போடுகிறவருக்கு, எப்போது பேச வேண்டும் என்பது தெரியாது. தனக்கு முந்தைய வரியின் கடைசி நான்கைந்து சொற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எதிராளியின் வரிகளைக் கைபேசியில் பதிவு செய்து, தன் வரிக்கு இடைவெளி விட்டு, பேருந்திலும் நடையிலும் கேட்டுப் பேசிப் பழகலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடமாட்டம் வகுத்த பிறகு மனப்பாடம் செய்வது பாதி நேரத்தில் முடியும், ஏனென்றால் கால் எங்கே நகர்கிறது என்பது வரியை ஞாபகப்படுத்தும். உணர்ச்சியோடு சேர்த்து உருப்போடுவது கூடாது. ஒரு ராகத்தில் பதிந்துவிட்ட வரியைப் பிறகு மாற்றவே முடியாது.

வரி மறந்தால் நடிகர் சொல்ல வேண்டியது "வரி" என்ற ஒரே சொல். மன்னிப்பு, சிரிப்பு, தலையில் அடித்துக்கொள்வது எதுவும் வேண்டாம். பிரதியைப் பார்த்து வரி எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் மூன்று, நான்கு சொற்களை உரக்கச் சொல்வார், காட்சி தொடரும். எட்டாவது வாரத்திலிருந்து பிராம்ப்டர் வாய் திறக்கக் கூடாது. மேடையில் அவர்களே சமாளிக்கப் பழக வேண்டியது அப்போதுதான். தப்பாகச் சொன்ன வரிகளை அவர் தாளில் எழுதி, ஒத்திகை முடிந்ததும் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்துவிட்டால் போதும். எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டாம்.

பிரதியில் ஒரு பொறி இருக்கலாம். ஒரே மாதிரியான வரி இரண்டு இடத்தில் வரும்: மூன்றாம் பக்கத்திலும் "அப்பா எங்கே?", முப்பதாம் பக்கத்திலும் "அப்பா எங்கே?". முதல் கேள்விக்கு இரண்டாவது பதிலைச் சொல்லிவிட்டால் நாடகம் 27 பக்கம் தாண்டிக் குதிக்கும். எதிர்த்திசையில் நடந்தால் பார்த்ததையே பார்வையாளர் மறுபடி பார்க்க வேண்டும். முதல் வாரத்திலேயே இப்படிப்பட்ட வரிகளைத் தேடி வட்டமிடுங்கள். அந்த இரண்டு இடத்திலும் நடிகர்கள் நிற்கும் இடமும் கையில் இருக்கும் பொருளும் வேறு வேறாக இருக்கட்டும். தப்பிப்போனால் யார் இழுத்துக்கொண்டு வருவது என்பதையும் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். "அதிருக்கட்டும், கடிதம் வந்ததா என்று சொல்லவே இல்லையே" என்பது போல ஒரு வரியை அவர் கைவசம் வைத்திருந்தால் போதும்.

திருத்துவதற்கு வருவோம். "இன்னும் சோகமாக", "கொஞ்சம் கோபம் கூட்டு" என்ற வகைக் குறிப்புகளால் புதியவர் முகத்தைச் சுளிப்பார், குரலை நடுக்குவார். அதற்குமேல் அவரால் எதுவும் செய்ய முடியாது. செயலாகச் சொல்லுங்கள்: "அவர் கதவை நோக்கிப் போகிறார், அவரை நிறுத்து." "அவள் வாயால் ஆமாம் என்று சொல்ல வை." ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பாத்திரத்துக்கு ஒரு பணி வேண்டும் என்று சொன்னதன் நடைமுறைப் பயன் இதுதான். பணி கிடைத்தவருக்குக் கையை எங்கே வைப்பது என்ற கவலை போய்விடும். வரியை நீங்களே பேசிக்காட்டுவது கடைசி வழி. பேசிக்காட்டினால் உங்கள் குரலின் நகல்தான் கிடைக்கும். பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி பேசுவார்கள்.

நண்பர்கள் மனம் நோகாமல் இருக்க மூன்று பழக்கங்கள் உதவும். குறிப்புச் சொல்வது இயக்குநர் மட்டும். ஒரு நடிகர் இன்னொரு நடிகருக்குச் சொல்லக் கூடாது, நல்லெண்ணத்தோடும் கூடாது. இதை முதல் நாளே விதியாக அறிவியுங்கள், அமெச்சூர் குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டாவது, ஒருவரைப் பற்றிய நீண்ட குறிப்பை எல்லோர் முன்பும் சொல்லாதீர்கள், பொதுக் குறிப்புகள் இருபது நிமிடத்தில் முடியட்டும். மூன்றாவது, ஒரு மாலையில் ஒருவருக்கு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். பத்துச் சொன்னால் பத்தும் மறக்கும். கேட்பவர் "இல்ல, நான் ஏன் அப்படிப் பண்ணேன்னா..." என்று ஆரம்பித்தால், "செய்து பார்த்துவிட்டு நாளைக்குப் பேசுவோம்" என்று நகர்ந்துவிடுங்கள். நன்றாக வந்ததையும் குறிப்பில் சேருங்கள், ஆனால் எந்த இடம் என்று குறிப்பிட்டு. "பிரமாதம்" என்று பொதுவாகச் சொன்னால் எதைத் திரும்பச் செய்வதென்று அவருக்குத் தெரியாது.

குரல் பற்றி ஒன்று, தமிழ் நாடகத்துக்கே உரியது. நம் மொழியில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. இல்லை, மாட்டேன், வேண்டாம், கூடாது எல்லாம் அங்கேதான். மூச்சு தீர்ந்து வாக்கியக் கடைசியில் குரல் அமுங்கினால், "நான் உன்கூட..." வரை கேட்டவருக்கு வருகிறாளா வரமாட்டாளா என்பதே தெரியாது. புதியவர்கள் எல்லோருக்கும் இந்தக் குறை உண்டு. மருந்து எளிது: ஒரு மாலை முழுவதும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். இரண்டு நாளில் காது பழகிவிடும். மேலே தொங்கவிட்ட ஒலிவாங்கியை நம்பிக் குரல் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அது செருப்புச் சத்தத்தையும் நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும். நடிகர்களும் காந்தத்தில் ஒட்டிய ஆணிபோல் அதன் கீழேயே நிற்பார்கள்.

வேகம் குறைவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்றரை மணி நேர நாடகத்தில் ஏறக்குறைய 900 தடவை ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் அரை விநாடி தாமதித்தால் ஏழரை நிமிடம் வெறும் மௌனம். நடிகர்களிடம் "வேகமாகப் பேசு" என்று சொன்னால் சொற்களை விழுங்குவார்கள், இடைவெளி அப்படியே இருக்கும். எட்டாவது வாரத்தில் ஒரு மாலை எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, உணர்ச்சி எதுவும் இல்லாமல், ஒரு வரியின் கடைசி எழுத்து முடியும்போதே அடுத்த வரி தொடங்குகிற மாதிரி முழு நாடகத்தையும் சொல்ல வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். யாருக்கு வசனம் உண்மையில் மனப்பாடம் இல்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். பொருளோடு வரும் மௌனங்களை நீங்களே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழு நாடகத்துக்கும் ஆறேழு போதும்.

அடி, தள்ளுமுள்ளு, விழுதல் இருந்தால் தனி ஒத்திகை வேண்டும். அறை கன்னத்தில் படவே கூடாது. கை முகத்துக்கு முன்னால் காற்றில் போகும், சத்தத்தை அடி வாங்குபவரோ பக்கத்தில் முதுகு காட்டி நிற்பவரோ கைதட்டி எழுப்புவார். தள்ளப்படுபவர்தான் அசைவைத் தொடங்கி நடத்துகிறார், தள்ளுபவர் கையை வைப்பது மட்டுமே. முதலில் பாதி வேகம், பிறகு முக்கால். மேடையிலும் முக்காலுக்கு மேல் போக வேண்டாம். நிகழ்ச்சி நாட்களில் அரங்கம் திறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அணைத்தல் போன்ற தொடுதல்களையும் இப்படியே கை எங்கே, எத்தனை நொடி என்று இருவரும் ஒத்துக்கொண்ட வடிவில் எழுதி வைத்து, அதிலிருந்து மாறாமல் செய்ய வேண்டும்.

கைப்பொருட்கள் நடமாட்டம் வகுக்கும் நாளிலிருந்தே கையில் இருக்க வேண்டும். உண்மையானது கிடைக்கும்வரை மாற்றுப் பொருள். பின்னரங்கில் ஒரு மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்து பெயர் எழுதுங்கள். காலியான வடிவத்தைப் பார்த்தாலே எது இல்லை என்று தெரியும். மேடையில் படிக்கப்படும் கடிதத்தில் கடிதத்தை உண்மையாகவே எழுதி வையுங்கள், மறந்தாலும் தப்பிக்கலாம். ஆனால் முதல் காட்சியிலிருந்தே அதை நம்பத் தொடங்குகிற நடிகரும் உண்டு, கண்காணியுங்கள். செருப்பு, புடவை, வேட்டி, நீளப் பாவாடை எதுவாக இருந்தாலும் ஆறாவது வாரத்திலிருந்து அதை உடுத்தித்தான் ஒத்திகை. நடையை மாற்றுவது உடைதான். படியில் புடவை தடுக்குவதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிக்கக் கூடாது.

விளக்கு, ஒலி ஒத்திகை தனி உலகம். முதலில் நடிகர்கள் இல்லாமல், நீங்கள், மேடை நிர்வாகி, விளக்குக்காரர், ஒலிக்காரர் நால்வரும் உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்புக்கும் (இங்கே குறிப்பு என்பது விளக்கோ ஒலியோ மாற வேண்டிய இடம்) எண் போட்டுப் பிரதியில் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பு எந்தச் சொல்லில் விழுகிறது என்பது வரை எழுத வேண்டும். பிறகு நடிகர்களோடு, குறிப்பு இல்லாத பகுதிகளைத் தாண்டித் தாண்டி. 60 குறிப்புகள் உள்ள நாடகத்துக்கு நான்கு, ஐந்து மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கு நடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். இருட்டுக் காட்சி மாற்றத்தில் நடப்பவர்களுக்கு மேடை விளிம்பிலும் படியிலும் ஒளிரும் ஒட்டுநாடா ஒட்டியாக வேண்டும். பக்கத் திரைக்குப் பின்னால் மங்கலான நீல விளக்கு. அங்கிருந்து பார்வையாளரைப் பார்க்க முடிகிறதென்றால் பார்வையாளருக்கும் நடிகர் தெரிகிறார்.

ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒருவர் விலகுவார் என்று எதிர்பார்த்தே இருங்கள். எல்லா வேடத்துக்கும் மாற்று ஆள் பயிற்றுவிக்க உங்களுக்கு நேரமில்லை. வராதவர்களின் இடத்தில் துணை இயக்குநர் எப்போதும் நின்று வரி சொல்லட்டும். ஆறு வாரத்தில் அவருக்குப் பாதி நாடகம் தெரிந்திருக்கும். சின்ன வேடக்காரர் பெரிய வேடத்துக்கு மாறுவது நல்லது. வெளியாள் வந்து சேரும் வேடம் சின்னதாக இருக்க வேண்டும். கடைசி மூன்று நாளில் விலகினால், மாற்று ஆள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நடிக்கலாம், தொடக்கத்தில் அறிவித்துவிட்டால் போதும். பத்து நிமிடத்தில் பார்வையாளர் பிரதியை மறந்துவிடுவார்கள்.

கடைசி முழு ஒத்திகைக்குப் பின் நடிப்புக் குறிப்பு கொடுக்காதீர்கள். பாதுகாப்பு, கேட்காத வரி, தப்பிய விளக்கு இவை மட்டும். முதல் நிகழ்ச்சி அன்று அரங்கம் மேடை நிர்வாகியின் கையில். அவர் ஒன்றரை மணி நேரம் முன்பு எல்லோரையும் வரவழைத்து, அரை மணி, பதினைந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று குரல் கொடுப்பார். நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள், பின்னரங்குப் பக்கம் போகாதீர்கள். நடிகர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். பார்வையாளர் சிரித்தால், சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கியதும் அடுத்த வரி. அடங்கும்வரை காத்தால் காட்சி சரிந்துவிடும், அதற்கு முன் பேசினால் வரி கேட்காது. உள்ளே வர வேண்டியவர் வரவில்லையென்றால், மேடையில் இருப்பவர் சொந்த வசனம் புனைய வேண்டாம். தன் பாத்திரத்தின் வேலையைச் செய்யட்டும், துணியை மடிக்கட்டும், சன்னல் வழியே பார்க்கட்டும். பத்து நொடி மௌனம் நடிகருக்குத்தான் யுகம்.

இரண்டாவது நிகழ்ச்சி பெரும்பாலும் சோரும். முதல் நாள் பதற்றம் போயிருக்கும், நேற்று கைதட்டல் விழுந்த வரியை நீட்டிச் சொல்லப் பார்ப்பார்கள். அன்று மாலை ஒப்பனைக்கு முன் உட்கார்ந்தபடியே ஒருமுறை வேக வாசிப்பு வையுங்கள். ஒவ்வொரு நாளும் திரை திறந்த நேரம், மூடிய நேரம் இரண்டையும் மேடை நிர்வாகி எழுதி வைக்கட்டும். 90 நிமிட நாடகம் மூன்றாம் நாள் 96 ஆகியிருந்தால் எங்கேயோ மௌனங்கள் முளைத்திருக்கின்றன. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தனித்தனியே குறித்திருந்தால் எந்தப் பாதியில் என்பது தெரியும், மறுநாள் அந்தப் பாதியை மட்டும் ஓட்டினால் போதும்.